கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற வருடங்கள்

எங்கள் கணினி நிலையத்தை இப்போது நடத்துகிற தாரணி போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டுமாம். "வழிமுறைன்னு ஏதாவது எழுதிக் குடுங்கக்கா, ரெண்டு பக்கம் போதும்" என்றாள். நானும் எழுத உட்கார்ந்தேன். ஒன்று, கதவைத் திறந்ததும் மின்விசிறியைப் போடவும். இரண்டு, வருகிறவர்களைச் செருப்பை வெளியே விடச் சொல்லவும் என்று ஆரம்பித்து ஐந்தாவது எண்ணுக்கு வருவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. பதினான்கு வருடம் ஆசை ஆசையாகப் பார்த்த வேலை இவ்வளவு சப்பென்றா இருந்தது? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். தாரணி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. "எல்லார் கையிலும்தான் போன் இருக்கே, இலவசக் கணினி நிலையமெல்லாம் இனி எதற்கு?" என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூடக் கேட்டார். போனில் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் நாலு பக்க விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பத் தெரியும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்த நேரம் பார்த்துப் பாயசம் வந்ததால் அவர் பிழைத்தார்.

நிலையம் இருப்பது மலேசியாவின் பாசிர் கூடாங் நகரில், தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் போகிறவர்கள் அதிகம் குடியிருக்கும் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில். முன்பு பூப்பந்து வலைகளையும் மடக்கு நாற்காலிகளையும் போட்டு வைத்திருந்த அறை. பத்துக் கணினிகள், ஓர் அச்சு இயந்திரம், திறக்கும்போதெல்லாம் முனகும் கண்ணாடிப் பலகை ஜன்னல்கள் நான்கு. மலாய்க்காரர், தமிழர், சீனர் என்று அந்தக் குடியிருப்பில் இருக்கிற யாரும் வரலாம், எதற்கும் கட்டணம் இல்லை. ஷிப்ட் முடித்த பஸ் வந்து நின்றதும் அறை நிரம்பிவிடும்.

நான் அதற்கு முன் ஜொகூர் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்னப் பாகங்களைச் சோதித்துக்கொண்டிருந்தவள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது, நான் போகவில்லை. இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன், கிடைத்தது. இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் பாதி மறந்துபோயிற்று. மறக்காதது ஒரே ஒருவர்தான்: எங்கள் மேலதிகாரி புவான் நோராய்னி. புவான் என்றால் மலாயில் அம்மையார்.

ஒல்லியான மலாய் அம்மா. பெரிய மூக்குக்கண்ணாடி. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிற வழக்கமே இல்லை. திடீரென்று திரும்பிப் பார்த்தால் வாசலில் அவருடைய காலணி சுவரோடு நேராக ஒட்டி நிற்கும். அவர் உள்ளே ஓரமாக நின்றுகொண்டிருப்பார். ஐந்து நிமிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால், வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனாலும் அவர் வந்தால் மேசையில் கிடக்கிற தாள்களை அவசரமாக அடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். நான்காம் மாடி அம்மா ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்ய வந்திருந்தார். ஓர் எழுத்தைத் தேட ஒரு நிமிடம் ஆகிறது. எனக்குப் பொறுக்கவில்லை; "தள்ளுங்கக்கா" என்று மௌஸைப் பிடுங்கிப் பத்து நிமிடத்தில் முடித்து, அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா என்னை வாழ்த்திவிட்டுப் போனார். நான் பெருமையோடு நிமிர்ந்தால் புவான் நிற்கிறார். வெளியே கூப்பிட்டார். அந்த விண்ணப்பத்தைச் செய்தது யார் என்று மெதுவாகக் கேட்டார். நான்தான் என்றேன். "அப்படியென்றால் அடுத்த முறையும் உங்களைத்தான் தேடி வருவார்" என்றார். தன்னைப் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நிலையத்தின் முதல் விதி அதுதான்: சொல்லிக்கொடுக்கிறவர் கை பின்னால் இருக்க வேண்டும். மௌஸைத் தொடக்கூடாது, விசைப்பலகையைத் தொடக்கூடாது, திரையில் விரல் வைத்துக் காட்டக்கூடாது. இரண்டாவது விதி, "அடுத்து என்ன செய்ய?" என்று கேட்டால் பதில் சொல்லக்கூடாது. "என்ன எழுதியிருக்கு, சத்தமா வாசிங்க" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். கேட்க எளிது. செய்து பாருங்கள். எதிரில் ஒரு மனுஷி சரியான பொத்தானுக்கு ஓர் அங்குலம் தள்ளி அம்புக்குறியை வைத்துக்கொண்டு தடவுகிறபோது, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பெரிய தவம். எனக்கு உள்ளங்கையெல்லாம் அரிக்கும். கட்டடத்துப் பெண்கள் எனக்குப் போலீஸ்காரி என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அந்த நான்காம் மாடி அம்மா மூன்றாவது மாதம் தானே வந்து, தானே தட்டச்சு செய்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

புவானைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது வருடம் சரஸ்வதி பூசை அன்று நம் பெண்கள் காலையிலேயே வந்து கணினிகளைத் துடைத்துவிட்டார்கள். நான் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. ஓரத்தில் இருந்த இரண்டுக்கு மட்டும் பொட்டு வையுங்கள், மற்றவை எல்லாருக்கும் பொது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, அச்சு இயந்திரத்துக்கு மாலையும் போட்டாயிற்று. இன்றைக்கு யாரும் தொடக்கூடாது, நாளைக்குத்தான் என்று கட்டளை வேறு. மலாய்ப் பெண் ஒருத்தி ஏதோ படிவத்தோடு வந்து, "அலமாக், இன்னிக்கு லீவா?" என்று மலாயில் அங்கலாய்த்துவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்தா புவான் வர வேண்டும்?

வழக்கம்போல ஐந்து நிமிடம் நின்றார். பத்து இயந்திரங்களையும் பார்த்தார். சுற்றி நிற்கும் பெண்களைப் பார்த்தார். இவை எப்போது விழிக்கும் என்று என்னிடம் கேட்டார். நாளைக் காலை என்றேன். "இத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூட மௌஸைத் தொடாமல் நிற்பதை இன்றுதான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, முதன்முறையாகச் சிரித்தார். படிவத்தோடு வந்த பெண்ணைத் தன் காரிலேயே பக்கத்து நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டும் போனார். மறுநாள் ஒரு விசைப்பலகையில் சந்தனம் காய்ந்து நான்கு விசைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்த வேலை மட்டும் எனக்கு.

இப்போது வேலாயுதம் அண்ணன் கதைக்கு வருகிறேன். என் வேலையில் நான் செய்த பெரிய தப்பும், பட்ட பெரிய சந்தோஷமும் அவரிடம்தான்.

அவரைக் கூட்டி வந்தது அவர் மனைவி ராஜம்மா அண்ணி. ஐந்தாம் கட்டடத்துக்காரர்கள். அண்ணன் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர். ஐம்பத்தாறு வயது. நெட்டையான மனிதர், மௌஸ் அவர் கைக்குள் போனால் காணாமல் போய்விடும். அவர் வேலை பார்த்த நிறுவனம், கிரேன் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் பாதுகாப்புத் தேர்வைப் புதிதாக எழுத வேண்டும், அதுவும் கணினியில் எழுத வேண்டும் என்று அறிவித்திருந்தது. முன்பெல்லாம் ஓர் அதிகாரி வாயால் கேள்வி கேட்பார், இவர்கள் வாயால் பதில் சொல்வார்கள். இப்போது நாற்பது கேள்வி, நாற்பது நிமிடம். இரண்டு வாய்ப்புத்தான். இரண்டிலும் தோற்றால் கிரேனைவிட்டு இறக்கிக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். கேள்விகளுக்கு விடையெல்லாம் அண்ணனுக்கு அத்துப்படி. திரையைக் கண்டால்தான் பயம்.

"கஸ்தூரி, இந்த மனுசன் கிரேன விட்டு எறங்குனா கிடங்குலயும் இருக்க மாட்டாரு, வீட்லயும் இருக்க மாட்டாரு. படுத்துருவாரு. எனக்குத் தெரியும்லா" என்றார் அண்ணி. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வுக்கு நான்கு வாரம் இருந்தது. ஷிப்ட் முடிந்து மோட்டாரில் நேராக இங்கேதான் வருவார். முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான் பின்னால் நின்று, வலது பக்கம், கொஞ்சம் மேலே, இப்போது அமுக்குங்கள் என்று மௌஸைத் தொடாமல் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் பேசப் பேச அவர் கை நடுங்கியது. அம்புக்குறி மூலைக்கு ஓடி ஒளிந்துகொள்ளும். இதில் வெறுப்பேற்றுவதற்கென்றே பக்கத்துக் கணினியில் உட்கார்ந்த அண்ணி, இரண்டே நாளில் மௌஸைப் பழகிச் சீட்டு விளையாட ஆரம்பித்துவிட்டார். ஜெயித்தால் திரையில் சீட்டெல்லாம் துள்ளும். அண்ணி கைதட்டுவார். அண்ணன் பல்லைக் கடிப்பார்.

நான்காம் நாள் அவர் மௌஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, பேசாதீங்க. நாப்பது அடி ஒசரத்துல உக்காந்திருக்கவனுக்குக் காது எதுக்கு? முன்னால வந்து நில்லுங்க. கையக் காட்டுங்க, நான் செய்றேன்."

அப்புறம்தான் விளங்கியது. கிரேன்காரர் தன் இஷ்டத்துக்கு எதையும் அசைப்பதில்லை. கீழே சிக்னல்மேன் ஒருவர் நிற்பார். அவர் முழங்கையை மடக்கி, விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்க வேண்டும். கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்க வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டி இப்படியும் அப்படியும் வீசினால் நிறுத்த வேண்டும். நிறுத்து என்று யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். ஆனால் தூக்கு என்று ஒருவர்தான் காட்டலாம். சுமை தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்த ஒருவருடைய கையைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. அண்ணன் இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கணினித் திரைக்குப் பின்னால் போய் நின்று மேலாக எட்டி அம்புக்குறியையும் அவரையும் பார்த்தபடி கையைக் காட்டினேன். விரலை மேலே சுழற்றினேன். அம்புக்குறி நடுங்காமல், அளந்து வைத்தது போல மேலே போனது. பக்கவாட்டில் காட்டினேன், போனது. உள்ளங்கையை வீசினேன், நின்றது. சரியாக 'அடுத்து' என்ற பொத்தானின் மேல். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். அண்ணி சீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவா வேண்டும்! மூன்று வாரம் அப்படியே பயிற்சி செய்தோம். மாதிரிக் கேள்விகளை அவர் வாசிப்பார், விடையைத் தேர்ந்தெடுப்பார், தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பார், நான் விரலைச் சுழற்றுவேன், அடுத்த கேள்வி. நான் மௌஸைத் தொடவே இல்லை. விதியைக் காப்பாற்றிக்கொண்டே புது வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று தலைகால் புரியாமல் இருந்தேன்.

தேர்வில் அண்ணன் தோற்றுப்போனார்.

அன்று மாலை ஷிப்ட் சட்டையோடு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. பதினேழு கேள்விக்குத்தான் விடை எழுதினாராம். பதினேழும் சரியாம். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

"என்னண்ணே ஆச்சு?" என்றேன்.

"வெடையத் தொட்டுருவேன், தங்கச்சி. அடுத்ததுக்குப் போறதுக்கு முன்னால கண்ணு தன்னால மேல போயிரும். அங்க ஆள் இல்ல. இல்லன்னு தெரியும். தெரிஞ்சும் கை அசைய மாட்டேங்குது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒங்களத் தேடிட்டேன்."

குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். அதுதான் என்னைச் சுருக்கென்று தைத்தது. அவருக்கு ஒன்றும் தெரியாமல் போகவில்லை. நான்தான் அவருக்குத் தேர்வு அறைக்குள் வராத சிக்னல்மேன் ஒருத்தியைப் பழக்கிவிட்டேன். அவர் போனபிறகு அறையைப் பூட்டாமல் வெகுநேரம் உட்கார்ந்து அழுதேன். பிறகு புவானுக்குப் போன் செய்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

மறுநாள் காலை வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள், செய்துகாட்டுங்கள் என்றார். அவரைக் கணினிக்கு முன் உட்காரவைத்து, திரைக்குப் பின்னால் நின்று விரலைச் சுழற்றினேன். இரண்டு கேள்வி செய்து பார்த்தார். மூன்றாவதில் அவர் கண்ணும் தன்னையறியாமல் என் கைக்கு வந்தது. மௌஸை விட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல வழிதான், கஸ்தூரி. மௌஸைப் பிடிக்க வைத்தது நீங்கள்தான். ஆனால் கையைப் பின்னால் கட்டச் சொன்னது மௌஸைத் தொடாமல் இருப்பதற்கு மட்டுமில்லை. முன்னால் ஒரு கை தெரிந்தால் மனிதன் அதைத்தான் பார்ப்பான்" என்று மலாயில் சொன்னார். அப்புறம் தேநீர் வாங்கி வரச் சொன்னார். இருவரும் குடித்தோம். இரண்டாவது வாய்ப்புக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அண்ணனின் மேசையைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். நிமிர்ந்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அவர் பயிற்சி செய்யும்போது நான் அறையிலேயே இருக்கக்கூடாது என்பது புவான் உத்தரவு. அண்ணியையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்ப் பூப்பந்துத் திடலில் உட்காருவேன். அண்ணி கேட்பார், "என்னத்த செய்றாரோ, போய் ஒரு எட்டு பாக்கவா?" வேண்டாம் என்று கையைப் பிடித்து உட்காரவைப்பேன். அவரைப் பிடித்து வைத்ததில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

முதல் மூன்று நாள் பாதிக் கேள்வியைக்கூடத் தாண்டவில்லை. நான்காம் நாள் என்னால் முடியவில்லை; ஜன்னல் பலகையை ஒரு விரல் அகலம் திறந்து பார்த்தேன். அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வலது கை மௌஸில். இடது கை மேசைக்கு மேலே, முழங்கை மடங்கி, விரல் மேல்நோக்கிச் சுழன்றது. அம்புக்குறி 'அடுத்து' பொத்தானுக்குப் போயிற்று. உள்ளங்கை கவிழ்ந்து வீசியது. நின்றது. அமுக்கினார். அடுத்த கேள்வி. தனக்குத் தானே சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்தார், மனிதர்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மறுபடியும் தப்பான பழக்கமா? புவானுக்குப் போன் போட்டேன். "அந்தக் கை அவருடன் தேர்வுக்குப் போகும்தானே?" என்றார். போகும் என்றேன். "அப்படியானால் விடுங்கள்" என்றார்.

தேர்வு நாளன்று விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் அண்ணியோடு போனேன். துறைமுகத்துக்கு வெளியே நிறுவனத்தின் பயிற்சிக் கட்டடம். எங்களை உள்ளே விடவில்லை. காவலர் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். அண்ணி பையில் இருந்த ரொட்டியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. கதவு திறந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டு, ஒருவர் சிகரெட்டைத் தேடிக்கொண்டு. எட்டுப் பேரை எண்ணினேன். அண்ணன் இல்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கடைசியாக வந்தவரிடம் கேட்டேன். ஒரு பெரியவர் திரை முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், அதிகாரி அவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார் என்றார்.

"போச்சு. மறுபடியும் மேல பாத்துக்கிட்டு உக்காந்துட்டாரு" என்றார் அண்ணி. எனக்கும் அதே நினைப்புத்தான். உள்ளே ஓடிப்போய் விரலைச் சுழற்றிவிட்டு வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. காவலர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதவு மறுபடி திறந்தபோது அண்ணன் வந்தார். மெதுவாக வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் முன்னால் வந்து நின்று, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முடிச்சீங்களாண்ணே?"

"நாப்பதும் முடிச்சேன். முடிச்சதும் ரிசல்ட்டு அதுலயே வந்திருச்சு. லூலுஸ்."

தேர்ச்சி. அண்ணி பலகையில் இருந்து எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அப்போ இவ்ளோ நேரம் உள்ள என்ன செஞ்சீங்க?" என்று நான் கத்தியே விட்டேன்.

அண்ணனுக்கு வெட்கமாகப் போயிற்று. எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"எஸ்டேட்டு ஸ்கூல்ல ஆறு வருசம் போனேன், தங்கச்சி. ஒரு பரீச்சையிலயும் பாஸானதில்ல. என் பேருக்குக் கீழ அந்த வார்த்தைய நான் பாத்ததே இல்ல. பச்சக் கலர்ல, பெருசா வந்து நின்னுச்சு. பக்கத்துல மூடுன்னு ஒரு பொத்தான். அமுக்கிட்டா போயிருமில்ல? அதான், கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன்னு உக்காந்துட்டேன்."

அண்ணி ரொட்டிப் பையாலேயே அவர் தோளில் நாலு போடு போட்டார். இங்கே எனக்கு உயிர் போயிற்று, உனக்கு அங்கே படம் பார்க்க வேண்டியிருந்ததா என்று திட்டிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், சிரித்தேன், எது எப்போது என்று தெரியவில்லை. அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ வந்து, மூடச் சொன்னாரு. வெவரம் சொன்னேன். மூணாவது தடவ வந்தப்போ ஒண்ணும் சொல்லல. நாக்காலிய இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காந்து, அவரும் கொஞ்ச நேரம் பாத்தாரு" என்றார் அண்ணன்.